டர்போ எஞ்சினுக்கு எந்த கேம்? வாசகர் கேள்வி பதில்

டர்போ கார்களுக்கான வெளிச்சந்தை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, சுருக்கமாக கேம்) பற்றிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேட்டவர்கள் வைத்திருப்பது மிட்சுபிஷி லான்சர் எவோவின் 4ஜி63 எஞ்சின் என்பதால் அளவுகள் எல்லாம் அதற்கே உரியவை.

கே: என் புரோட்டான் விராவில் எவோ 3-இன் 4ஜி63 எஞ்சினை ஏற்றியிருக்கிறேன். டர்போ கம்பெனியோடு வந்ததுதான். பூஸ்ட் (டர்போ ஊதும் காற்றின் அழுத்தம்) 1.3 பார். தினமும் வேலைக்கு இதில்தான் போகிறேன். எப்போதாவது டிராக்கில் ஓட்டுவேன். கடையில் 264, 272, 280 என்று மூன்று கேம் காட்டி, “280 போட்டுவிட்டால் பிறகு மாற்ற வேண்டியதே இல்லை” என்கிறார்கள். போடலாமா? (கிள்ளான் வாசகர்)

ப: வேண்டாம். உங்கள் வண்டிக்கு 264 போதும். டர்போவை மாற்றாதவரை 280 உங்களுக்கு நஷ்டம்தான்.

இந்த எண்கள், கிராங்க் சுற்றும் டிகிரிக் கணக்கில் வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைச் சொல்கின்றன. எண் கூடக் கூட, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு தாமதமாக மூடுகிறது, புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு சீக்கிரம் திறக்கிறது. இதனால் எஞ்சினின் பலம் மேல் ஆர்.பி.எம்-முக்கு நகரும், கீழே இழுவை குறையும். 280 கேம் உயிர் பெறுவது 8,000-ஐத் தாண்டிச் சுற்றும் எஞ்சினில். எவோ 3-இன் 16ஜி டர்போவோ 7,000-ஐ நெருங்கும்போதே திணற ஆரம்பித்துவிடும். பலன் கிடைக்கவேண்டிய இடத்தில் கேம் காற்றைக் கேட்கும். டர்போவிடம் கொடுக்க இருக்காது. கோலாலம்பூர் நெரிசலில் 2,500-இல் ஊரும்போதோ, முன்பு இருந்த பிக்கப்பும் போயிருக்கும்.

இதைவிட முக்கியமான காரணம் டர்பைனுக்கு (புகையால் சுழலும் டர்போச் சக்கரம்) முன்னால் தேங்கும் அழுத்தம். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து இன்டேக் தொடங்கும் இடத்தில் இரண்டு வால்வுகளும் கொஞ்ச நேரம் சேர்ந்து திறந்திருக்கும். அதுதான் ஓவர்லாப். டர்போ இல்லாத எஞ்சினில், நல்ல ஹெடர் (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) இருந்தால், இந்த நேரத்தில் புதுக்காற்று பழைய புகையை வெளியே தள்ளும். சின்ன டர்பைன் உள்ள எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அழுத்தம் பூஸ்ட்டைவிட அதிகமாக இருப்பதால் கதை தலைகீழ்: எரிந்த புகை சிலிண்டருக்குள்ளும் இன்டேக் பக்கமும் திரும்பி வரும். புகை கலந்த காற்றில் பலம் குறையும். கலவை சூடாவதால் நாக்கிங்கும் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) சீக்கிரம் வரும். பெரிய கேம் போட்டுப் பலம் குறைந்துபோன கார்களில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

ஓவர்லாப்பை நீங்களே கணக்கிடலாம். இன்டேக், எக்ஸாஸ்ட் டிகிரிகளைக் கூட்டிப் பாதியாக்குங்கள். அதிலிருந்து லோப் சென்டர் கோணத்தின் (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களின் உச்சிகளுக்கு நடுவில், கேம் டிகிரியில் உள்ள கோணம்) இரு மடங்கைக் கழியுங்கள். 272/272 கேம், கோணம் 110 என்றால் 272-இல் 220 போக 52 டிகிரி. அதே கேமை 114-இல் வைத்தால் 44. 264/264-ஐ 114-இல் வைத்தால் 36 மட்டுமே. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் 272-ஐ மட்டும் பார்த்து வாங்குகிறவர் இந்தக் கோணத்தைக் கேட்பதே இல்லை. டர்போ காருக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஊகிக்காமல் அளந்துவிடவும் முடியும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், டர்பைனுக்கு முன்னால், 1/8 அங்குல பங் (குழாய் மாட்டுவதற்கான மரையுள்ள வளையம்) ஒன்றை வெல்ட் செய்யுங்கள். மேனிஃபோல்டைக் கழற்றி வைத்துத்தான் துளையிட வேண்டும். இரும்புத் தூள் டர்பைனுக்குள் போனால் அதோடு தீர்ந்தது. பங்கிலிருந்து ஒரு மீட்டர் நீளத்துக்கு ஸ்டீல் குழாயைச் சுருளாக வளைத்து எடுத்துவந்து, அதன் முனையில் 5 பார் வரை காட்டும் கேஜை மாட்டுங்கள். சுருள்தான் சூட்டைக் குறைக்கும். ரப்பர் குழாயை நேராக மாட்டினால் உருகிவிடும். முழு திராட்டிலில், நீங்கள் வழக்கமாக கியர் மாற்றும் ஆர்.பி.எம்-இல், இந்த கேஜையும் பூஸ்ட் கேஜையும் ஒருசேரப் பாருங்கள். எக்ஸாஸ்ட் அழுத்தம் பூஸ்ட்டைப்போல் இரண்டு மடங்கு என்றால் 264-ஐத் தாண்டாதீர்கள். ஒன்றரை மடங்குக்குள் என்றால் 272 பொருந்தும். இரண்டும் கிட்டத்தட்ட சமமாக வந்தால்தான், அதாவது பெரிய டர்பைன் ஹவுசிங் போட்ட பிறகுதான், 280-ஐப் பற்றிப் பேசலாம்.

வாங்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள். எவோ 1 முதல் 3 வரைக்கும் 4 முதல் 8 வரைக்கும் கேம்கள் வேறு வேறு. எவோ 4-இல் எஞ்சினையே 180 டிகிரி திருப்பி வைத்தார்கள். 2005-இல் வந்த எவோ 9-இல் இன்டேக் பக்கம் மைவெக் (ஓடும்போதே வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு) இருப்பதால் அதன் இன்டேக் கேம் இன்னும் தனி. “4ஜி63-க்கு” என்று மட்டும் சொல்லிப் பணம் கட்டாதீர்கள்.

கே: இரண்டு கம்பெனி கேமும் 272 என்றே போட்டிருக்கிறது. ஆனால் ஒன்று மிதமாகவும் மற்றொன்று கரடுமுரடாகவும் ஓடும் என்கிறார்கள். எப்படி? (சென்னை வாசகர்)

ப: வால்வு எவ்வளவு தூக்கியதும் டிகிரியை எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. 0.1 மி.மீ. தூக்கியதும் எண்ணத் தொடங்கினால் எண் பெரிதாகத் தெரியும். 1 மி.மீ.-இலிருந்து எண்ணினால் அதே கேமின் எண் நாற்பது ஐம்பது டிகிரி குறைந்துவிடலாம். ஒப்பிட வேண்டுமானால் இரண்டு கம்பெனியிடமும் 1 மி.மீ. அல்லது 1.27 மி.மீ. லிஃப்ட்டில் (வால்வு தூக்கிய அளவு) உள்ள டிகிரியைக் கேளுங்கள். அதிகபட்ச லிஃப்ட்டையும் கேளுங்கள். கேம் கார்டு (கேமின் அளவுகள் எழுதிய அட்டை) தராத கேமை வாங்கவே வாங்காதீர்கள்.

கே: கேம் மாற்றினால் வால்வு ஸ்பிரிங்கும் மாற்றியே ஆகவேண்டுமா? செலவு இரட்டிப்பாகிறது. (மதுரை வாசகர்)

ப: ஸ்பிரிங்கின் வயது தெரியாவிட்டாலும், பூஸ்ட்டை ஏற்றியிருந்தாலும், 7,500-ஐத் தாண்டுவதாக இருந்தாலும் மாற்றுங்கள். 264 கேம், பழைய பூஸ்ட், பழைய ரெட்லைன் என்றால் கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றி, அழுத்தத்தைச் சோதித்து, சரியாக இருந்தால் அதையே போடலாம்.

பூஸ்ட் அழுத்தம் இன்டேக் வால்வைப் பின்னாலிருந்து தள்ளித் திறக்கும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 34 மி.மீ. வால்வின் பரப்பு சுமார் 9 சதுர செ.மீ.; 1.5 பாருக்கு 14 கிலோ. கணக்கு சரிதான். ஆனால் அந்த வால்வு மூடும் நேரத்தில் சிலிண்டருக்குள்ளும் அதே அழுத்தம் இருப்பதால் 14 கிலோவும் ஸ்பிரிங்கின் மேல் விழுவதில்லை. நிஜமான தொல்லை எக்ஸாஸ்ட் வால்வில். ஒரு சிலிண்டர் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போது, மேனிஃபோல்டில் இருக்கும் 3 பார் அதன் எக்ஸாஸ்ட் வால்வை உள்ளே தள்ளுகிறது. சிலிண்டருக்குள் 1.5 பார். மீதி 1.5 பார், 30.5 மி.மீ. வால்வின் 7.3 சதுர செ.மீ. பரப்பில், சுமார் 11 கிலோ. தளர்ந்த ஸ்பிரிங் இதைத் தாங்காமல் வால்வை லேசாகத் திறக்கவிடும். அப்போது 6,500-க்கு மேல் எஞ்சின் தடுமாறும். பிளக்கையும் காயிலையும் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள், தீராது.

புது ஸ்பிரிங்கில் பார்க்க வேண்டிய அளவு இரண்டு. முதலாவது, முழுக்க அழுங்கி வளையங்கள் முட்டுவதற்கு முன் மீதமிருக்கும் இடைவெளி. ஸ்பிரிங் பொருத்திய உயரம் 40 மி.மீ., லிஃப்ட் 10.8, வளையங்கள் முட்டும் உயரம் 27 என்று வைத்துக்கொண்டால் மீதி 2.2 மி.மீ. இது 1 மி.மீ.-க்குக் கீழே போகக்கூடாது. இரண்டாவது, முழு லிஃப்ட்டில் ரிட்டைனரின் (ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் தட்டு) அடிப்பக்கத்துக்கும் வால்வு சீலுக்கும் உள்ள தூரம், 1.5 மி.மீ. இருக்கட்டும். குறைந்தால் ரிட்டைனர் சீலை நசுக்கி, வண்டி நீலப்புகை கக்கும்.

ஹெட்டை இறக்காமலே ஸ்பிரிங் மாற்றலாம். பிஸ்டனைக் கொஞ்சம் கீழே இறக்கி, பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை நுழைத்து, நுனியை வெளியே விட்டுவிட்டு, கிராங்கைக் கையால் மேலே திருப்பினால் கயிறு வால்வுகளைத் தாங்கிப் பிடிக்கும். கையோடு வால்வு சீலையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

கே: கேமைப் புல்லி குறிக்கு நேராக வைத்துப் பொருத்தினால் போதாதா? டிகிரி வீல் வைத்து அளப்பது அவசியமா? (கோயம்புத்தூர் வாசகர்)

ப: அவசியம். ஹெட்டையோ பிளாக்கையோ சீவியிருந்தால் கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள தூரம் குறைந்து, குறி நேராக இருந்தாலும் கேம் பின்தங்கியிருக்கும். கேமிலேயே ஒன்றிரண்டு டிகிரி பிசகும் வரலாம். 4ஜி63-இல் டைமிங் தவறினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். பெல்ட் இல்லாதபோது கேமைக் கண்டபடி சுழற்றினால் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளவும் கூடும்.

முதலில் நிஜமான டி.டி.சி.-யை (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) கண்டுபிடியுங்கள். முதல் சிலிண்டர் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பரை மாட்டி, கிராங்கைக் கையால் இரு பக்கமும் முட்டும்வரை திருப்பி, இரண்டு அளவுக்கும் நடுவில் டிகிரி வீலின் சுழியத்தை வையுங்கள். ஆயிலால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்ட்டர் அழுத்தத்தில் இறங்கிப் பொய்யான அளவு காட்டும். அளக்கும் வால்வுகளில் மட்டும் அசையாத டம்மி லிஃப்ட்டரும் மெல்லிய ஸ்பிரிங்கும் போடுங்கள். டயல் கேஜின் முனையை ரிட்டைனரின் மேல், வால்வுத் தண்டுக்கு இணையாக வையுங்கள்.

கிராங்கை எப்போதும் ஓடும் திசையில் மட்டும் திருப்ப வேண்டும். அதிகபட்ச லிஃப்ட்டுக்கு 1 மி.மீ. முன்பு ஒரு அளவு, தாண்டி 1 மி.மீ. இறங்கியதும் ஒரு அளவு. இன்டேக் கேமில் டி.டி.சி.-க்குப் பின் 76, 146 என்று வந்தால் கூட்டி இரண்டால் வகுக்க 111. கார்டில் 110 என்றிருந்தால் கேம் 1 டிகிரி பின்தங்கியிருக்கிறது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: அது கிராங்க் டிகிரி. கேம் கியரின் கோடுகள் கேம் டிகிரி என்றால் அரைக் கோடு மட்டுமே முன்னால் நகர்த்த வேண்டும்.

பிறகு பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி. எக்ஸாஸ்ட் வால்வு டி.டி.சி.-க்கு 10 டிகிரி முன்பும், இன்டேக் 10 டிகிரி பின்பும் பிஸ்டனை மிக நெருங்கும். 5 முதல் 15 வரை இரண்டிரண்டு டிகிரியாக நிறுத்தி, வால்வைக் கையால் அழுத்தி, பிஸ்டனைத் தொடும்வரை எவ்வளவு இறங்குகிறது என்று கேஜில் பாருங்கள். இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ.-க்குக் குறைந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எவோ 9 என்றால் மைவெக் முழுதும் முன்னேறிய நிலையில் அளக்க வேண்டும்.

பெல்ட் மாட்டும்போது பேலன்ஸ் ஷாஃப்ட்டை (எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் தண்டு) மறக்கவேண்டாம். ஆயில் பம்ப் ஸ்பிராக்கெட்டின் குறி நேராக இருந்தும் ஷாஃப்ட் பாதிச் சுற்று தவறியிருக்கலாம். பிளாக்கில் உள்ள பிளக்கைக் கழற்றி 8 மி.மீ. ஸ்குரூ டிரைவரை நுழையுங்கள். 60 மி.மீ. உள்ளே போனால் சரி. 20, 25 மி.மீ.-இல் நின்றால் ஸ்பிராக்கெட்டை ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். டென்ஷனர் ஊசியை எடுத்ததும் கிராங்கை ஆறு சுற்று சுற்றி, 15 நிமிடம் விட்டு, டென்ஷனர் தண்டு வெளியே நீட்டியிருக்கும் அளவைப் பாருங்கள்: 3.8 முதல் 4.5 மி.மீ.

கே: 272 கேம் போட்ட பிறகு ஐட்லிங்கில் ஆர்.பி.எம் ஏறி இறங்குகிறது, சிக்னலில் வண்டி நின்றும் போகிறது. மேலே போனால் பூஸ்ட் முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டுகிறது. டர்போ போய்விட்டதா? (கொழும்பு வாசகர்)

ப: வேஸ்ட்கேட்டிலும் (பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் கதவு) குழாய்களிலும் கசிவு இல்லையென்றால் டர்போவைச் சந்தேகிக்காதீர்கள். பூஸ்ட் என்பது எஞ்சின் விழுங்க முடியாமல் மேனிஃபோல்டில் தேங்கும் காற்றின் அழுத்தம். இப்போது எஞ்சின் கூடுதலாக விழுங்குவதால், டர்போவின் எல்லைக்கு அருகில், கேஜ் குறைவாகக் காட்டும், பலம் கூடியிருக்கும். பழைய அளவைத் தொடுவதற்காக பூஸ்ட்டை ஏற்றாதீர்கள். அதிகக் காற்றுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டும், அதனால் இன்ஜெக்டர் எத்தனை சதவீத நேரம் திறந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். 85-ஐத் தாண்டினால் பெரிய இன்ஜெக்டர் தேவை.

ஐட்லிங்கை 850-லிருந்து 1,000-க்கு ஏற்றுங்கள். ஓவர்லாப்பில் துடிக்கும் காற்று ஏர்ஃப்ளோ சென்சாரைக் குழப்பும். மிஸ்ஸிங்கில் எரியாமல் போகும் ஆக்சிஜனால் வைட்பேண்ட் (எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜன் சென்சார்) லீன், அதாவது பெட்ரோல் குறைவு, என்று காட்டும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் கருத்து, மிஸ்ஸிங் இன்னும் மோசமாகும். அட்ஜஸ்டபிள் கேம் கியர் இருந்தால் கிராங்க் கணக்கில் இன்டேக்கை 2 டிகிரி பின்னாலும் எக்ஸாஸ்ட்டை 2 டிகிரி முன்னாலும் வையுங்கள். ஓவர்லாப் 4 டிகிரி குறையும். இந்தத் திசையில் வால்வு பிஸ்டனிலிருந்து விலகவே செய்யும் என்பதால் ஆபத்தில்லை. இது முடிந்த பிறகுதான் டியூனரிடம் போங்கள். கேம் மாற்றி டியூன் செய்யாமல் முழு திராட்டில் கொடுக்கவே கூடாது.

கே: பழைய கேமையே ரீகிரைண்ட் செய்தால் என்ன? (திருப்பூர் வாசகர்)

ப: லோப்பின் வட்டப்பகுதியைச் சீவித்தான் லிஃப்ட்டைக் கூட்டுவார்கள். சீவிய அளவை எழுதித் தருகிற பட்டறை என்றால், லிஃப்ட்டர் அந்தக் குறைவை ஈடுகட்டுமா என்று பார்த்துப் போடலாம். வெல்ட் வைத்துச் சீவிய கேமை டர்போ எஞ்சினில் வைக்காதீர்கள். எவோ 10-இன் 4பி11 எஞ்சினில் ஹைட்ராலிக் லிஃப்ட்டரே இல்லை. கனம் கூடிய பக்கெட் வாங்கி, எஞ்சின் குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. இடைவெளிக்குக் கொண்டுவர வேண்டும்.

கே: கேம் மாற்றியதும் கம்ப்ரஷன் டெஸ்டில் நான்கு சிலிண்டரும் முன்பைவிடக் குறைவு. ரிங் போய்விட்டதா? (ஈப்போ வாசகர்)

ப: நான்கும் ஒரே அளவில் குறைந்திருந்தால் இல்லை. இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால் ஸ்டார்ட்டர் வேகத்தில் கொஞ்சம் காற்று திரும்பி வெளியேறுகிறது. எஞ்சினைச் சூடாக்கி, திராட்டிலை முழுதும் திறந்து வைத்து மறுபடி எடுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 பாருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மட்டும் லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டரில் காற்றை அடைத்துக் கசிவை அளப்பது) செய்யுங்கள்.