உலகமயமாக்கலை ஊடகங்கள் ஏன் வாய்ப்பாகவோ ஆபத்தாகவோ மட்டும் காட்டுகின்றன?

பொருள், பணம், வேலை, தகவல் எல்லாம் நாட்டு எல்லைகளைச் சுலபமாகத் தாண்டுவதால், ஓரிடத்தில் எடுக்கும் முடிவு வேறொரு நாட்டுக்காரரின் பிழைப்பையே மாற்றிவிடுகிறது. இதுதான் உலகமயமாக்கல். செய்திகளில் இது பெரும்பாலும் இரண்டு வேடங்களில் வரும்: வணிகப் பக்கத்தில் வாய்ப்பு, முதல் பக்கத்தில் ஆபத்து.

காரணம், செய்திக்கு ஒரு சம்பவம் வேண்டும். உலகமயமாக்கலோ ஆண்டுக்கணக்கில் மெல்ல நடப்பது. போட்டியின் ஹைலைட்ஸ் மட்டும் பார்ப்பதைப் போலத்தான்; கோல் விழுந்தது தெரியும், ஆட்டம் அந்த நிலைக்கு எப்படி வந்தது என்று தெரியாது.

1999-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டை எதிர்த்துப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். திரையை நிறைத்தவை கண்ணீர்ப்புகையும் உடைந்த கடைக் கண்ணாடிகளும். தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல் என்று அவர்கள் எழுப்பிய கேள்விகள் பின்னுக்குப் போயின.

வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடத்தில் நடந்தது இன்னும் வேதனையானது. 2013 ஏப்ரலில் அந்தக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள். முந்தைய நாளே விரிசல் தெரிந்தும் அவர்கள் வேலைக்கு வர வைக்கப்பட்டார்கள். அதே தொழில் வணிகப் பக்கங்களில் ஏற்றுமதி வளர்ச்சியாகத்தான் தெரிந்தது.

வெளிநாட்டுச் செய்திகளில் பெரும்பகுதி ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி போன்ற, செய்தி திரட்டி ஊடகங்களுக்கு விற்கும் சில முகமைகள் வழியே வருவதால், பல நாடுகளில் கோணமும் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது.

இதை வைத்து 'ஊடகங்கள் சொல்வதெல்லாம் பொய்' என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். சொல்லப்படுவது பெரும்பாலும் உண்மைதான், எதை விடுகிறார்கள் என்பதில்தான் சாய்வு இருக்கிறது.