சாலை வழுக்குவதைக் கார் எப்படி அறிகிறது?

கேள்வி: மழையில் ஒரு வளைவில் திரும்பும்போது, சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு சில நொடிகள் மினுக்கிவிட்டு அணைந்தது. சாலை வழுக்குவது காருக்கு எப்படித் தெரிந்தது? வண்டிக்கு அடியில் கேமரா ஏதேனும் இருக்கிறதா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கேமரா இல்லை. உங்கள் கார் சாலையைப் பார்க்கவே இல்லை. தன் சக்கரங்களையும் தன் அசைவையும் மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சக்கரத்தோடும் பல் வெட்டிய அல்லது காந்தமுனைகள் பதித்த வளையம் ஒன்று சுழல்கிறது. அதை ஒட்டி அசையாமல் நிற்கும் விரல் நுனி அளவுள்ள சென்சார், ஒவ்வொரு பல்லும் தன்னைக் கடக்கும்போது ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. வளையத்தில் 48 பற்கள் இருப்பதாகவும், சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.9 மீட்டர் உருள்வதாகவும் வைத்துக்கொண்டால், ஒரு பல் என்பது சாலையில் 4 சென்டிமீட்டர்; மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் நொடிக்குச் சுமார் 500 துடிப்புகள் வருகின்றன. நான்கு சக்கரங்களும் அனுப்பும் இந்தக் கணக்கை ஒப்பிட்டே, எந்தச் சக்கரம் உருள்கிறது, எது சறுக்கத் தொடங்குகிறது என்பதைக் கணினி கண்டுகொள்கிறது.

சிறிதளவு சறுக்கல் இல்லாமல் பிரேக் பிடிப்பதே இயலாது என்பதைப் பலர் அறிவதில்லை. சக்கரத்தின் வேகம் காரின் வேகத்தைவிட 10 முதல் 20 சதவீதம் வரை குறைந்திருக்கும் நிலையில்தான் பெரும்பாலான சாலைகளில் டயரின் பிடிப்பு உச்சத்தை எட்டுகிறது. அதைத் தாண்டினால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். பிறகு ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் கார் திரும்பாது. அந்த எல்லையில் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்தும் கூட்டியும் சக்கரத்தைப் பிடித்து வைப்பதுதான் ஏ.பி.எஸ். போஷ் நிறுவனம் உருவாக்கிய இந்த மின்னணு அமைப்பு 1978-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. நீங்கள் கண்ட விளக்கு, 1995-இல் அதே இரு நிறுவனங்கள் கொண்டுவந்த இ.எஸ்.பி. அமைப்பின் வழிவந்தது. ஸ்டியரிங் எந்த அளவு திரும்பியிருக்கிறது என்பதையும், கார் உண்மையில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதையும் அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. கார் வளைவுக்கு வெளியே நழுவினால் உட்புறப் பின்சக்கரத்தையும், பின்பகுதி வீசிக்கொண்டு போனால் வெளிப்புற முன்சக்கரத்தையும் தனியே பிரேக் பிடித்து நேராக்குகிறது. விளக்கு மினுக்கினால் அமைப்பு வேலை செய்கிறது என்று பொருள். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், அது பழுதாகியிருக்கலாம் அல்லது அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம்.

இந்த அறிவு முழுவதும் டயர் நழுவத் தொடங்கிய பிறகு கிடைக்கும் அறிவு என்பதை மட்டும் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாத பிடிப்பை எந்த அமைப்பாலும் உண்டாக்க முடியாது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 25 மீட்டரில் நிற்கும். நனைந்த சாலையில் 40 மீட்டர் வேண்டும். பனிக்கட்டிமேல் 200 மீட்டர் ஓடும்.

கேள்வி: அவசரமாக பிரேக் மிதித்தபோது மிதி காலுக்கடியில் அதிர்ந்தது. என் கணவர் பயந்து காலை எடுத்துவிட்டார். பிரேக் கெட்டுவிட்டதா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: கெடவில்லை. அந்த அதிர்வு ஏ.பி.எஸ். வால்வுகள் நொடிக்குப் பலமுறை திறந்து மூடுவதால் எழுவது. அந்த நேரத்தில் காலை எடுப்பதுதான் ஆபத்து; மிதியை முழு பலத்தோடு அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி இடரை விலக்கிச் செல்ல வேண்டும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயமாகியிருப்பதால், ஆளில்லாத மைதானம் ஒன்றில் குறைந்த வேகத்தில் அவர் ஒருமுறை இந்த அதிர்வை உணர்ந்து பார்ப்பது நல்லது. தளர்ந்த சரளையிலும் மணலிலும் மட்டும் ஏ.பி.எஸ். உள்ள கார் நிற்பதற்குச் சற்றுக் கூடுதல் தூரம் எடுக்கும். பூட்டிய சக்கரத்தின் முன்னே குவிந்து தடுக்கும் மண், உருளும் சக்கரத்தின் முன்னே குவிவதில்லை.

கேள்வி: இங்கே குளிர்காலத்தில் சாலைமேல் மெல்லியதாக உறையும் பிளாக் ஐஸ் என்னும் பனிக்கட்டிப் படலம் கண்ணுக்குத் தெரியாது. சறுக்குவதற்கு முன்பே எச்சரிக்கும் கார் உண்டா?
– ஒரு வாசகர், ரொறன்ரோ

பதில்: முயற்சிகள் பல உண்டு. வெளி வெப்பநிலை 3 அல்லது 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதும் பனித்துளிச் சின்னம் காட்டுவது மிக எளியது. ஆனால் அது காற்றின் நிலையைத்தான் சொல்கிறது. மேலும் கீழும் காற்றுபடும் பாலங்கள் மற்றச் சாலையைவிட முன்னரே உறைந்துவிடும் என்பது அந்தச் சென்சாருக்குத் தெரியாது. 911 காரில் போர்ஷே வேறு வழியை எடுத்தது: முன்சக்கர வளைவுகளுக்குள் உள்ள ஒலிச் சென்சார்கள் டயர் வாரியடிக்கும் நீரின் ஓசையைக் கேட்டு, சாலை நனைந்திருப்பதை ஓட்டுநருக்குச் சொல்கின்றன. மழை நின்ற பிறகும் ஈரமாயிருக்கும் சாலையை இது உணரும் என்பதால், கண்ணாடியில் விழும் துளியை மட்டும் பார்க்கும் வைப்பர் சென்சாரைவிட இது மேலானது. நீரும் பனிக்கட்டியும் அகச்சிவப்பு ஒளியை வெவ்வேறு அலைநீளங்களில் உறிஞ்சுவதைப் பயன்படுத்தி, ஒளி பாய்ச்சி அறியும் கருவிகளும் உள்ளன.

ஆயினும் எனக்குப் பெரும் நம்பிக்கை தருவது, ஒரு கார் கற்றதைப் பின்னால் வரும் கார்களுக்குச் சொல்லும் முறை. பிரேக் மிதிக்காமல் சாதாரணமாக ஓடும்போதுகூட, எஞ்சின் தரும் விசைக்கு ஏற்பச் சக்கரம் மிக நுண்ணிய அளவில் சறுக்குகிறது. அந்த அளவு சாலைக்குச் சாலை மாறுவதைக் கணித்துப் பிடிப்பை மதிப்பிடும் ஆய்வு சுவீடனின் லிங்ஷோப்பிங் நகரில் வளர்ந்தது. வோல்வோ நிறுவனம் 2016-இல் சுவீடனிலும் நார்வேயிலும் தன் 90 வரிசைக் கார்களில் தொடங்கிய சேவையில், ஒரு கார் வழுக்கலை உணர்ந்த இடம் இணையம் வழியே அதே சாலையில் வரும் மற்றக் கார்களின் திரைக்குப் போய்ச் சேர்கிறது. பின்னர் அது ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும் விரிந்தது. முதலில் போன கார் சறுக்கித்தான் கற்றது. ஆனால் இரண்டாவது கார் சறுக்க வேண்டியதில்லை. அந்தச் சேவை இல்லாத காராயினும், கனடாவில் 2011 செப்டம்பர் முதல் தயாரான கார் என்றால் சறுக்கலைத் திருத்தும் அமைப்பு கட்டாயம் இருக்கும். அதனோடு குளிர்கால டயரும் வேண்டும்.

கேள்வி: பள்ளங்களை முன்கூட்டியே காணும் கார் வந்துவிட்டதா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: 2013-இல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸில், முன்கண்ணாடிக்குப் பின்னுள்ள இரட்டைக் கேமரா 15 மீட்டர் தொலைவு வரை சாலையின் ஏற்ற இறக்கத்தை அளந்து, சக்கரம் அங்கே சேரும் முன் சஸ்பென்ஷனை ஆயத்தப்படுத்தியது. ஃபோர்டின் முறையில், சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் இறங்கத் தொடங்கியதும் ஷாக் அப்சார்பரை இறுக்கி, சக்கரம் அடிவரை விழாமல் தடுக்கிறார்கள். கேமரா முறைக்குப் பகல் வெளிச்சமும் தெளிவான பார்வையும் தேவை. மழைநீர் தேங்கி நிரம்பிய பள்ளத்தில் அது காண்பது நீரின் மேற்பரப்பையே, ஆழத்தை அன்று.