வாட்டர் வாஷ் பம்ப்: கேள்வி பதில்

கேள்வி: மூன்று பிளஞ்சர் (தண்ணீரைத் தள்ளும் தண்டு) உள்ள பெல்ட் பம்ப் வைத்து கார் கழுவுகிறோம். கன்னில் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறது, ஹோஸ் துடிக்கிறது. மெக்கானிக் முழு கிட்டையும் (சீல், வால்வு செட்) மாற்றச் சொல்கிறார். ஹார்டுவேர் கடைச் சாமானிலேயே சரிசெய்ய முடியுமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: கிட்டுக்குக் காசு கொடுக்கும் முன் உறிஞ்சும் பக்கத்தை, அதாவது பம்புக்குத் தண்ணீர் வரும் ஹோஸையும் ஜாயின்ட்டுகளையும் பாருங்கள். மிச்சத் தண்ணீரைத் திருப்பி விடும் பைபாஸ் ரிட்டர்ன் ஹோஸின் நுனியை ஒரு வாளித் தண்ணீருக்குள் பிடியுங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. ஒவ்வொரு ஜாயின்ட்டாக ஈரத்துணியை இறுக்கிச் சுற்றுங்கள். எதில் சுற்றும்போது துடிப்பு அடங்குகிறதோ, அங்கேதான் கோளாறு.

அந்த ஜாயின்ட்டைக் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டிவிட்டு, மரையின் திசையிலேயே டெஃப்லான் டேப் 8 சுற்று சுற்றுங்கள். ஹோஸுக்கு 2 கிளாம்ப், திருகுகள் எதிரெதிராக. சாதாரணத் தோட்ட ஹோஸ் உறிஞ்சும்போது சப்பிப்போகும்; உள்ளே கம்பிச்சுருள் உள்ளதை வாங்குங்கள். ஃபில்டர் வலையில் உப்புப் படிந்திருந்தால் வினிகரில் ஊறவையுங்கள்.

குமிழியே இல்லையென்றால் வால்வில் மணல் சிக்கியிருக்கலாம். மொத்தம் 6 வால்வு. கழற்றிக் கழுவினாலே பெரும்பாலும் போதும். பம்ப் அடியில் தண்ணீர் சொட்டினால் சீல் தேய்ந்திருக்கலாம். அப்போது மெக்கானிக் சொல்வது நியாயம்.

கன் நுனியில் உள்ள நாசில் துளையில் ஊசி விடாதீர்கள். துளை பெரிதானால் பிரஷர் நிரந்தரமாகக் குறையும்.

இந்தச் சிக்கனமெல்லாம் உறிஞ்சும் பக்கத்தோடு சரி. பிரஷர் ஹோஸ் வெடித்திருந்தால் கிளாம்ப் போட்டு ஒட்டவே கூடாது, புதிதுதான்.