என் ஓவியங்கள் எந்தப் பாணியைச் சேர்ந்தவை என்று எப்படி அறிவது?

குளத்து நீரை ஊதாவிலும் கரை மரங்களைச் சிவப்பிலும் வரைகிறீர்கள். மனிதர்களின் கைகள் அளவுக்கு மீறி நீண்டுவிடுகின்றன. பார்ப்பவர்கள் ‘நவீன ஓவியம்’ என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள். கண்காட்சி விண்ணப்பத்தில் பாணி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிளிநொச்சிப் பக்கம் நெடுங்காலம் சித்திரம் கற்பித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். ‘நவீன ஓவியம்’ என்பது விளங்காத எதற்கும் சொல்லப்படும் சமாளிப்பு, அதை விட்டுவிடுங்கள். மரமும் கையும் அடையாளம் தெரிவதால் உங்களுடையது அரூப ஓவியமும் அல்ல. மிச்சத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: குளம் ஏன் ஊதா ஆனது?

பொழுதுபடும் நேரம் இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் நின்று, நீர் உண்மையிலேயே அந்த நிறத்தில் கிடந்ததைக் கண்டு வரைந்தீர்கள் என்றால், உங்களைப் பிடித்திருப்பது ஒளி. இம்பிரஷனிசத்தின் வழி அதுதான். பிரெஞ்சு ஓவியர் மொனே 1890-91இல் அதே வைக்கோற்போர்களை வெவ்வேறு வேளைகளில் திரும்பத் திரும்ப வரைந்து, நிழல்களில் நீலத்தையும் ஊதாவையும் வைத்தார். நீர் சாம்பல் நிறமாகத்தான் இருந்தது, மனக்கலக்கம்தான் அதை ஊதாவாக்கியது என்றால் அது எக்ஸ்பிரஷனிசம். நீளும் கைகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன. இரண்டும் இல்லை, சிவப்புக்குப் பக்கத்தில் ஊதா இருந்தால்தான் படம் எழும்புகிறது என்று கண் சொல்லியதா? அப்படியென்றால் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் கூட்டத்தாரின் ஃபோவிசத்துக்குக் கிட்ட வருகிறீர்கள். (கையில் ஊதா டியூப் மட்டும்தான் மிஞ்சியிருந்தது என்பதும் நேர்மையான பதில்தான்.)

இன்னொரு வாய்ப்பும் உண்டு. எங்கள் ஊர்க் கோயில் மதிலின் சிவப்பு வெள்ளைப் பட்டைகளையும், கோபுரப் பொம்மைகளின் நிழலில்லாத பளிச்சென்ற வர்ணங்களையும் பார்த்தே வளர்ந்த கண் உங்களுடையது. சிவப்பு அங்கிருந்து வந்திருந்தால் அதற்குப் பாரிசில் மூலம் தேட வேண்டியதில்லை.

இந்தப் பெயர்களுக்கு அளவுக்கு மீறி மரியாதை கொடுக்கவும் வேண்டாம். 1874இல் மொனேயின் துறைமுகக் காட்சி ஒன்றின் தலைப்பில் இருந்த ‘இம்பிரஷன்’ என்ற சொல்லை வைத்து லூயி லெரோய் என்ற விமர்சகர் செய்த கேலியில்தான் ‘இம்பிரஷனிஸ்டுகள்’ என்ற பெயர் பரவியது. 1905இல் லூயி வோசெல் என்ற விமர்சகர் காட்டு விலங்குகள் என்று சொன்னதிலிருந்து ‘ஃபோவ்’ வந்தது. வரைந்தவர்கள் வரைந்துகொண்டிருந்தார்கள், பெயர் வெளியிலிருந்து வந்தது.

வன்னியில் இருப்பவருக்கு வெளியிலிருந்து வரும் பெயர் வேறொன்று. கொழும்பிலிருந்து வருபவர் சிவப்பைக் கண்டவுடன் இரத்தம் என்பார், ‘போர் ஓவியம்’ என்று எழுதிவிட்டும் போவார். எனக்கு இதில் பொறுமையே இல்லை. போர் என்பது பொருள், பாணி அல்ல. ஸ்பானிய ஓவியர் கோயா 1814இல் வரைந்த துப்பாக்கிச் சூட்டுக் காட்சியும் பிக்காசோவின் 1937ஆம் ஆண்டு ‘குவெர்னிக்கா’வும் போரைப் பற்றியவைதான். இரண்டின் பாணிக்கும் இடையே மலையளவு தூரம். பிக்காசோவின் அந்தப் பெரிய படத்தில் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும்தான், சிவப்பே கிடையாது. உங்கள் மரம் போரால் சிவந்ததா, பொழுதால் சிவந்ததா என்று சொல்லும் உரிமை உங்களுக்குத்தான்.

ஒரு பெயருக்குள் முழுதாக அடங்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம். 1943இல் கொழும்பில் உருவான ‘43 குழு’வைப் பாருங்கள். அதில் இருந்த ஜோர்ஜ் கீற், உருவங்களைக் கோணத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிசத்தையும் இந்தியச் சிற்ப மரபின் வளைகோட்டையும் ஒன்றாக்கினார். அதே குழுவின் ஐவன் பீரிஸ் அமைதியான கடற்கரைகளை வரைந்தார். குழு ஒன்று, கை வேறு.

இனிச் செய்ய வேண்டியது: இருக்கிற படங்கள் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். நீங்கள் திட்டமிடாமலே எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். ஊதா ஒரே படத்தில் மட்டும் இருந்து, நீண்ட கை எல்லாவற்றிலும் இருந்தால், உங்கள் பாணி கையில்தான் இருக்கிறது, நிறத்தில் அல்ல.

அப்படி அமைந்தால் விண்ணப்பத்தில் ‘உருவ ஓவியம், எக்ஸ்பிரஷனிசச் சாயல்’ என்று எழுதிவிடுங்கள். நான் இருந்த தேர்வுக் குழுக்களில் பாணியைப் பார்த்து யாரையும் தள்ளியதில்லை. கன்வஸின் அளவைப் பிழையாக எழுதியதால் சுவரில் இடம் கிடைக்காமல் போன படங்கள் உண்டு. அளவை மட்டும் சட்டத்தோடு சேர்த்து அளந்து எழுதுங்கள்.