விக்டோரியா கால நாவல்களும் படங்களும்: கேள்வி பதில்

கேள்வி: டிக்கன்ஸ் கதைகளில் எந்தப் படத்தை முதலில் பார்க்கலாம்?

பதில்: 1946-இல் டேவிட் லீன் எடுத்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. காற்றும் மரங்களின் முனகலும் பயமுறுத்த, கல்லறைத் தோட்டத்திலிருந்து சிறுவன் பிப் ஓடுகிறான். நேராகப் போய்க் கைதியின் மேல் மோதுகிறான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தூக்கிவாரிப்போடும். ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் ஆஸ்கர் வாங்கிய படம்.

கேள்வி: 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' பற்றி?

பதில்: அதை எழுதிய ஜேன் ஆஸ்டின் 1817-இல் காலமானார். விக்டோரியா அரியணை ஏறியது 1837-இல். அது வேறு காலம்.

கேள்வி: 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' படத்தில் லீன் நாவலின் கடைசிக் காட்சியை மாற்றியது துரோகம் இல்லையா?

பதில்: டிக்கன்ஸே இரண்டு முடிவுகள் எழுதியவர். முதலில் எழுதியதில், பிப் காதலித்த எஸ்டெல்லா மறுமணம் செய்துகொண்டிருக்கிறாள். லண்டன் தெருவில் அவளும் பிப்பும் சிறிது நேரம் பார்த்துப் பிரிகிறார்கள். நண்பர் புல்வர் லிட்டன் சொன்னபிறகுதான் மாற்றினார். லீன் காட்டுவது மூன்றாவது முடிவு. அவளை வளர்த்த மிஸ் ஹாவிஷம், கல்யாணம் நின்றுபோன நாளிலிருந்து அடைந்து கிடந்த இருட்டறையிலேயே எஸ்டெல்லா உட்கார்ந்திருக்கிறாள், பிப் திரைச்சீலைகளைக் கிழித்தெறிகிறான், வெயில் உள்ளே வருகிறது. ஹாவிஷம் பூட்டி வைத்த பகல் வெளிச்சம் அது. கதைக்குள்ளிருந்தே பிறந்த முடிவு.

கேள்வி: நாவலில் அந்த வீடே இடிந்துபோயிருக்குமே? எஸ்டெல்லா பட்ட பாடு எங்கே?

பதில்: சரியான இடத்தைப் பிடித்தீர்கள். நாவலில் அவள் டிரம்மில் என்ற முரட்டுப் பணக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டு அடிபட்டுத் திருந்துகிறாள். படத்தில் அந்தக் கல்யாணமே நடப்பதில்லை. அவளாகக் கற்றுக்கொண்டதைப் பிப் வந்து மீட்பதாக ஆக்கிவிட்டார்கள். இந்த நஷ்டத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் துரோகம் என்ற சொல்லை ஏற்க மாட்டேன்.

கேள்வி: 'எம்மா' படம்?

பதில்: அதுவும் ஆஸ்டின்தான். மேலே சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: பரீட்சைக்கு 'வுதரிங் ஹைட்ஸ்' படம் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. வில்லியம் வைலரின் 1939 படத்தில் எமிலி பிராண்டியின் நாவலின் முதல் பாதிதான் இருக்கிறது. அடுத்த தலைமுறை வரவே வராது. நாயகி கேத்தியின் மகளான இளைய கேத்தி, நாயகன் ஹீத்கிளிஃப் படிக்கவிடாமல் வளர்த்த ஹேர்ட்டனுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதைத் தவறவிட்டால், ஹீத்கிளிஃப்பின் பழிவெறி எப்படி அடங்கிப்போகிறது என்பதே புரியாது.

கேள்வி: 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' படமாவது பரீட்சைக்குப் போதுமா?

பதில்: அதுவும் போதாது. ஆர்லிக் என்ற ஆளே அதில் கிடையாது. பிப்பின் அக்காவை அடித்து வீழ்த்தியவன் யார் என்று கேட்டால் என்ன எழுதுவீர்கள்? முதலில் புத்தகம், அப்புறம் படம்.

கேள்வி: 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'?

பதில்: ஆஸ்டின்.