அனத்தலா, முனகலா?

தங்கச்சி, நீ கேட்டது இதுதான்: "அண்ணாச்சி, எடின்பரோ வந்து ஆறு மாசமாச்சு. கால்நடைகளுக்கான மயக்க மருந்து, வலி நிவாரணத்துல முதுநிலை ஆய்வேடு எழுதணும். மேடம் தலைப்பு கேக்காங்க. ஊருக்குப் போயி ஆடு, நாய் ரெண்டுலயும் மூணு வலி மருந்தை ஒப்பிட்டுப் பாக்கலாமா?"

ஆனித் தேருக்குப் பாளையங்கோட்டை வந்திருக்கேன். கரண்ட் இல்ல, திண்ணையில உக்காந்து எழுதுதேன்.

வேண்டாம். ஒரு மிருகம், ஒரு கேள்வி போதும்.

நானும் அங்க போன புதுசுல பெருசாத்தான் திட்டம் போட்டேன். ஒரு கூட்டத்துக்கு மருந்து, இன்னொரு கூட்டத்துக்கு ஒண்ணும் கிடையாது, வித்தியாசத்தைப் பாப்போம்னு எழுதிக் குடுத்தேன். எதிக்ஸ் கமிட்டி அப்படியே திருப்பி அனுப்பிட்டு. வலிக்கும்னு தெரிஞ்சே சும்மா விடுவீங்களான்னு ஒரே வரி. மூணு மாசம் போச்சு, தப்பு என் மேலதான். நீ எல்லா நாய்க்கும் அடிப்படை வலி மருந்து உண்டுன்னு போடு. வலிக்குப் போடுத மார்க் இத்தனையைத் தொட்டா உடனே கூடுதல் மருந்துன்னும் முதல்லயே எழுதிரு.

ஆட்டை விட்டுரு. புது ஆளு பக்கத்துல நின்னா வலியை மறைச்சுக்கிட்டு நிக்கும், உன்னால படிக்க முடியாது.

நம்ம ஊர்ல வாயில்லா சீவன்னு சொல்லுதோம். ஆனா நாய்க்கு எவ்வளவு வலின்னு மார்க் போடுத கிளாஸ்கோ படிவம் வாயிலதான் ஆரம்பிக்குது. அமைதியா இருந்தா 0, அழுதாலோ முனகினாலோ 1, அனத்தினா 2, அலறினா 3. பெறவு காயத்தைப் பாத்தா 1, நக்கினா 2, கடிச்சா 4ன்னு போகும். மொத்தம் 24, 6 வந்துட்டா மருந்து குடுக்கணும். நடக்க வைக்க முடியாத நாயா இருந்தா 20க்கு 5.

இப்ப யோசி. ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியிலயோ வேற ஆஸ்பத்திரியிலயோ ஆபரேஷன் முடிஞ்ச நாய் பக்கத்துல ராத்திரி இருக்கப் போறது உதவியாளர் அண்ணன்தான். அவர் கையில தமிழ்ப் படிவம் குடுக்கணும். முனகல் எது, அனத்தல் எது? எங்க அம்மாவுக்கு அனத்தல்னா காய்ச்சல்ல கெடக்கவன் விடாம போடுத சத்தம், முனகலை விடக் கூடுதல். அம்பாசமுத்திரத்துல உங்க வீட்டுல ரெண்டும் ஒண்ணா இருக்கலாம். ஒரு வார்த்தை மாறினா ஒரு மார்க் மாறும், மருந்து குடுக்கதும் மாறும். உன் தலைப்பு இங்கதான் கெடக்கு: கருத்தடை செஞ்ச ஒரே நாய்க்கு ரெண்டு பேரு, ஒருத்தர் போட்டதை மத்தவர் பாக்காம, தமிழ்ப் படிவத்துல மார்க் போட்டா ஒத்துப்போகுதா? ரெண்டு பேரு மார்க்கும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு அளக்குத கப்பா கணக்குப் போட்டுக் காட்டு. வீடியோவுல ஓட்டிரலாம்னு நினைக்காதே. காயத்தைச் சுத்தி அமுக்கணும், நடக்க வச்சுப் பாக்கணும்.

தெரு நாயைச் சேக்காதே. வலியே இல்லாட்டியும் பயத்துக்கே 3 மார்க் விழும். வீட்டு நாய்க்கும் ஆபரேஷனுக்கு முந்தியே ஒரு தடவை போட்டு வச்சுக்கோ. வளக்கிறவுக கையெழுத்து, இங்க கல்லூரி அனுமதி, எடின்பரோ அனுமதி மூணும் வேணும்.

கீட்டோபுரோஃபன்னு உள்ள வலி மருந்தை ஏன் போடலன்னு அங்க கட்டாயம் கேப்பாக, அவுகளுக்கு அது சாதாரண மருந்து. மருந்து போட்ட மாடு செத்தா அதைத் தின்னு சாகுத கழுகைக் காப்பாத்த, இந்தியாவுல 2006ல டைக்ளோஃபெனாக்கும் 2023ல கீட்டோபுரோஃபனும் மிருகங்களுக்குன்னு தயாரிக்கத் தடை ஆச்சு, அதனால மெலாக்சிகாம்னு உள்ள வலி மருந்துன்னு ரெண்டு வரி எழுது.

இன்னொண்ணு, நம்ம பட்டத்தை வச்சுக்கிட்டு அங்க ஊசியத் தொட முடியாது. அங்க கால்நடை டாக்டர்களைப் பதிவு பண்ணுத ஆர்.சி.வி.எஸ். அமைப்போட பரீட்சை எழுதிப் பதிவு வாங்கணும். அதுவரைக்கும் பக்கத்துல நின்னு பாக்கதுதான். சவத்த விடு, பாக்கதுலயும் படிக்கலாம்.

படிவத்தோட தமிழ் வார்த்தைகளை மட்டும் முதல்ல எழுதி அனுப்பு. அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுதேன். நாப்பது வருஷம் மாடும் நாயும் வளத்தவ. எந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடுவா, எதுக்குத் திரும்பிப் படுப்பான்னு கேட்டு எழுதுதேன்.