கல்லீரல் நன்றாக இருக்கும்போது ஹெபடைடிஸ் சி மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 52. சில மாதங்களாக இரண்டு கால்களிலும் சிவப்புப் புள்ளிகள் வருவதும் மறைவதுமாக இருக்கின்றன. மூட்டுவலி உண்டு. பாதங்களில் எரிச்சல், மதமதப்பு. பரிசோதித்ததில் ஹெபடைடிஸ் சி இருக்கிறது, அதனால் வந்த ரத்தக்குழாய் அழற்சி இது என்கிறார்கள். 12 வாரம் வைரஸ் மாத்திரை சாப்பிட வேண்டுமாம். கல்லீரலில் பெரிய பாதிப்பு இல்லை. ஸ்டீராய்டு மட்டும் போதாதா? மதமதப்பு போகுமா?

பதில்: மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் கல்லீரல் தப்பித்திருக்கலாம், ரத்தக்குழாய்கள் தப்பவில்லை.

இந்த வைரஸ் நம் எதிர்ப்பாற்றல் செல்களை ஓயாமல் சீண்டிக்கொண்டே இருக்கிறது. அவை கிரையோகுளோபுலின் என்ற புரதங்களை உண்டாக்குகின்றன. உடல் சூட்டைவிடக் குளிர்ந்தால் திரளும் புரதம் இது. சிறிய ரத்தக்குழாய்களின் சுவரில் படிந்து அழற்சியை மூட்டுகிறது. புள்ளியை விரலால் அழுத்திப் பாருங்கள், நிறம் மறையாது. தடவினால் லேசாக மேடு தட்டும். ரத்தம் குழாயைவிட்டுக் கசிந்திருப்பதே காரணம். நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களிலும் இதே கதைதான், அதுதான் பாத எரிச்சல். (இந்தப் பரிசோதனைக்கு எடுக்கும் ரத்தத்தை ஆய்வகம் சேரும்வரை 37 டிகிரி சூட்டில் வைக்க வேண்டும். வழியில் ஆறிவிட்டால், நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரும்.)

ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும், வைரஸைத் தொடாது. குறைத்ததும் புள்ளிகள் திரும்பலாம். இந்த வைரஸுக்கு முன்பு தந்த இன்டர்ஃபெரான் ஊசி சிலருக்கு நரம்புப் பாதிப்பைக் கூட்டவும் செய்தது. அந்தப் பயம் இப்போது வேண்டாம். சொஃபோஸ்புவிர், வெல்பாடஸ்விர் சேர்ந்த மாத்திரையை 12 வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வைரஸ் போய்விடுகிறது. பெரும்பாலோருக்குப் புள்ளிகளும் மூட்டுவலியும் குறைந்துவிடும்.

நரம்பு விஷயத்தில் பொறுமை வேண்டும். எரிச்சல் தணிய மாதக்கணக்காகும், சேதம் ஆழமாக இருந்தால் கொஞ்சம் மதமதப்பு தங்கிவிடலாம். அதனால்தான் சீக்கிரம் தொடங்கச் சொல்கிறேன். அதுவரை வெறுங்காலோடு நடக்காதீர்கள், காயம் பட்டாலும் தெரியாது.

ஒரு முக்கியமான விலக்கு. சிறுநீர் நுரைத்துப் போகிறது, முகமோ காலோ வீங்குகிறது, ரத்த அழுத்தம் திடீரென ஏறுகிறது, கால் புண்ணாகிறது, பாதம் தொங்குகிறது என்றால் வைரஸ் மாத்திரை மட்டும் போதாது. இந்தப் புரதங்களை உண்டாக்கும் எதிர்ப்பாற்றல் செல்களைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் ஊசியும் தேவைப்படலாம், சில நேரம் ரத்தத்தின் திரவப் பகுதியைப் பிரித்தெடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்றமும். உடனே போய்க் காட்டுங்கள்.

மாத்திரை தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். உடலில் அடங்கிக் கிடக்கும் பி வைரஸ், சி போனதும் தலைதூக்கக்கூடும். ரிட்டுக்சிமாப் போட்டால் அந்த ஆபத்து இன்னும் அதிகம். இப்போது சாப்பிடும் எல்லா மருந்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இதயத் துடிப்புக்கான அமியோடரோனுடன் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபைன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எல்லாம் இந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். வயிற்று அமிலத்துக்கான ஒமெப்ரசோல்கூட வெல்பாடஸ்விர் உடலில் சேர்வதைக் குறைக்கும்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து, ரத்தத்தில் வைரஸே இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்யுங்கள். அதில் வைரஸ் இல்லையென்றால் குணமாகிவிட்டது. வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கிய புரதத்தைத் தேடும் ஆன்டிபாடி பரிசோதனை பிறகும் பாசிட்டிவ் என்றே காட்டும், கலங்க வேண்டாம்.

அதோடு டாக்டரிடம் போவதை நிறுத்திவிடாதீர்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, வைரஸ் போன பிறகும் கிரையோகுளோபுலின் ரத்தத்தில் தங்கியிருக்கிறது. தொந்தரவு இல்லையென்றால் அதற்குத் தனி மருந்து தேவையில்லை. சிறுநீர், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்த அழுத்தம் மூன்றையும் அவ்வப்போது பார்த்தால் போதும். புள்ளிகள் திரும்பினால் முதலில் ஆர்.என்.ஏ.வை மறுபடி பாருங்கள், இந்தத் தொற்று இரண்டாம் முறையும் வரக்கூடும். வைரஸ் இல்லாமலே புள்ளிகள் தொடர்ந்தால், அல்லது கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டினால், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க ரத்தநோய் நிபுணரிடம் போக வேண்டும்.